குட்டிக்கு ஏற்ற களம்

குதிரைக்குட்டியின் உயரம் ஆளை ஏமாற்றும். 2 வயதை ஒட்டியே அது தன் முழு உயரத்தை ஏறக்குறைய எட்டிவிடுகிறது. கழுத்து நிமிர்ந்து, மேனி மினுங்கி, துள்ளுநடையோடு அது வந்து நிற்கும்போது வளர்ப்பவருக்குச் சேணம் போட்டுப் பார்க்கும் ஆசை வருகிறது. அடுத்து, நாலு பேர் பார்க்க அதில் ஏறிப் போகும் ஆசை. அதற்கும் அடுத்து, கண்காட்சியிலோ திருவிழாவிலோ இறக்கிப் பரிசு வாங்கும் ஆசை. மூன்றும் இயல்பான ஆசைகள்தாம், எதிலும் குற்றமில்லை. ஆனால் மூன்றுக்கும் உரிய காலம் எதுவென்று குட்டியின் உடம்பு சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்காமல் ஏறுகிறவர் தம் ஆசைக்கு இன்னோர் உயிரைச் செலவழிக்கிறார்.

முதலில் வாயைப் பார்ப்போம். மாடு வாங்கப் போகும் நம் உத்திரமேரூர் விவசாயி பல்லைப் பார்க்காமல் பணத்தை எண்ணமாட்டார். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று பார்த்த மாத்திரத்தில் வயதைச் சொல்லிவிடுவார். குதிரைக்கும் அத்தகைய கணக்கு உண்டு. சுமார் இரண்டரை வயதில் முன்வரிசையின் நடுவிலுள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வருகின்றன. மூன்றரை வயதில் அவற்றை ஒட்டிய இணை, நாலரை வயதில் ஓரத்து இணை. 5 வயதில்தான் முன்வாய் நிறைகிறது. கடைவாயிலும் இதே ஆண்டுகளில் பால்பற்கள் கழன்று விழுகின்றன. அந்த வாய்க்குள்தான் கடிவாள இரும்பு கிடக்கிறது. ஈறு நோவதால் தலையை உதறும் 3 வயதுக் குதிரையை முரடு என்று முடிவுகட்டி, இன்னும் கடுமையான இரும்பைத் தேடிப் போகிறோம். வலிக்கு மருந்து தேட வேண்டிய இடத்தில் வலியைக் கூட்டுகிறோம்.

அடுத்தது எலும்பு. வளரும் எலும்பின் நுனிகளில் உள்ள குருத்துப் பகுதிகள், பொதுவாகச் சொன்னால், கீழிருந்து மேலாக இறுகிக்கொண்டு வருகின்றன. குளம்பை அடுத்த சிறு எலும்புகள் 1 வயதை ஒட்டி இறுகுகின்றன. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள எலும்புக்கு 2, இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. எல்லாவற்றுக்கும் கடைசியில் இறுகுவது முதுகெலும்பு. அது முழுமை பெற 5 வயதைத் தாண்ட வேண்டும். சேணமும் சவாரிக்காரரும் சேர்ந்து உட்காரும் இடமோ அதே முதுகுதான். உடம்பில் எந்த இடம் கடைசியில் பக்குவப்படுகிறதோ, அந்த இடத்தில்தான் மனிதன் முதலில் ஏறுகிறான்.

இதைச் சொன்னதும், அப்படியானால் 5 வயது வரை குட்டியைக் கட்டிப்போட்டு வைக்க வேண்டுமா என்று கேட்பார்கள். கூடாது. வேலையே இல்லாமல் லாயத்தில் நிற்கும் குட்டியின் எலும்பும் வலுப்பெறாது. திறந்த வெளியில் ஓடவும், அளவாக நடக்கவும் வாய்த்த குட்டிக்கே உறுதியான கால் அமைகிறது. காத்திருப்பது வேறு, சும்மா இருப்பது வேறு. ஒவ்வொரு வயதுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வயதுக்கு உரியதைக் கொடுத்து, அடுத்த வயதுக்கு உரியதை நிறுத்திவைப்பதே வளர்ப்பவரின் கடமை. இளங்குதிரையை எந்தப் போட்டியில், எந்தப் பிரிவில் இறக்குவது என்ற கேள்வி இங்கேதான் ஒழுக்கத்தின் கேள்வியாக மாறுகிறது. மறுக்கத் தெரியாத உயிருக்காக நாம் முடிவெடுக்கிறோம். அந்த முடிவின் லாபம் நமக்கு வருகிறது, நட்டம் அதற்குப் போகிறது.

வெவ்வேறு ஊர்களில், ஒருவரையொருவர் அறியாத மக்கள் இதற்கு ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள். தென் மாவட்டங்களின் மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவுகள் இருக்கின்றன. தேனிப் பக்கம் தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறார்கள். சிறிய மாட்டுக்குத் தூரமும் குறைவு. கொங்குப் பகுதியின் குதிரைவண்டிப் பந்தயங்களில் பெரிய குதிரை, சிறிய குதிரை என்பவற்றோடு ‘புதிய குதிரை’ என்றொரு பிரிவும் உண்டு. மேற்கு, வடக்கு மாநிலங்களின் மார்வாரிக் குதிரைக் கண்காட்சிகளில் பால்பல் குட்டி, இரண்டு பல் குட்டி என்று பல்லை வைத்தே வரிசை பிரிக்கிறார்கள். ஐரோப்பியக் குதிரையேற்றத்தில் 4, 5, 6, 7 வயதுக் குதிரைகளுக்குத் தனித்தனிச் சோதனைகள் இருக்கின்றன. ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் என்னும் நடைப்பயிற்சிப் போட்டிக்குக் குதிரை 8 வயது நிரம்பியிருக்க வேண்டும். தடை தாண்டும் போட்டிக்கு 9 வயது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகிய நால்வரும் இந்தியாவுக்கு டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் கொண்டுவந்தார்கள். அந்தச் சில நிமிட ஆட்டத்துக்குப் பின்னால் குதிரைகளுக்கும் பல ஆண்டுப் படிப்படியான பயிற்சி இருக்கிறது.

இந்தப் படிமுறையை உத்திரமேரூர்க்காரர்களுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. குடவோலை முறைக்காக உலகம் அறிந்தவை அவை. கி.பி. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர்ச் சபையின் வாரியத்துக்குத் தகுதியானவர் 30 வயதுக்கு மேல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஈராண்டு கழித்து, 921இல் பொறித்த திருத்தத்தில் கீழ்வரம்பு 35 ஆகவும் மேல்வரம்பு 70 ஆகவும் உயர்ந்துவிட்டது. பொறுப்பில் இறங்கும் வயதை ஒரு சபை கூடிப் பேசி, ஐந்தாண்டு தள்ளிவைத்திருக்கிறது. அதைவிட ஆழமான விதி ஒன்றும் அங்கே உண்டு. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், சம்வத்சர வாரியம் என்னும் ஆண்டு வாரியத்துக்கு 12 பேர். இந்த ஆண்டு வாரியத்துக்கு ஏற்கெனவே தோட்டத்திலும் ஏரியிலும் பணியாற்றியவர்களையும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையும் எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். கரையையும் மதகையும் பார்த்துத் தேறியவர் கையில்தான் ஊரின் பெரிய பொறுப்பு போனது.

அந்தச் சபை நிலமுடைய, வேதம் கற்ற ஆண்களின் சபை. மற்றவர்களுக்கு அதில் இடமில்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவர்கள் கண்ட உண்மை எல்லோருக்கும் பொது: ஆர்வம் இருப்பதே தகுதி ஆகிவிடாது, சிறிய களத்தில் நின்று தேறியதே பெரிய களத்துக்கான தகுதி. நம்மை நாமே ஆள்வதற்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்றால், பேசத் தெரியாத உயிரை ஆள்வதற்கு இன்னும் எவ்வளவு வேண்டும்!

இனி, குட்டிக்கு ஏற்ற களத்தைத் தேர்வது எப்படி என்று பார்ப்போம்.

முதல் வெளியூர்ப் பயணத்தில் எந்தப் போட்டியிலும் பெயர் கொடுக்கக் கூடாது. வேடிக்கை பார்க்க மட்டும் கூட்டிப்போக வேண்டும். வண்டியில் ஏறி இறங்குவது, முன்பின் தெரியாத குதிரைகளின் வாடை, ஒலிபெருக்கி, பட்டாசு, குடை விரிக்கும் பெண்கள், குறுக்கே ஓடும் பிள்ளைகள் என்று குட்டிக்கு அன்றைக்கு அதுவே பெரிய பாடம். ஆபத்து என்றால் ஓடிப் பிழைக்கும் பிராணி அது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும் உள்ளது தெரியாது. முதல் நாள் பயந்த இடத்தை நெடுங்காலம் மறக்காது. அனுபவம் உள்ள வயதான குதிரை ஒன்று பக்கத்தில் நின்றால் குட்டியின் பயம் பாதியாகும். அதையும் உடன் கொண்டுபோவது செலவு என்று நினைப்பவர், பின்னால் வரும் செலவை எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்த படி, ஆள் ஏறாமல் கையில் பிடித்து நடத்திக் காட்டும் பிரிவு. 2, 3 வயதுக் குட்டிக்கு உரியது இது. நேராக நடப்பது, நிற்கச் சொன்னால் நிற்பது, அந்நியர் தொட்டால் பொறுப்பது, காலைத் தூக்கிக் காட்டுவது ஆகியவற்றை இங்கே பழகிவிட்டால், பின்னால் லாடம் அடிப்பவரிடமும் கால்நடை மருத்துவரிடமும் அந்தக் குதிரை உதை வாங்காமல் பிழைக்கும்.

ஆள் ஏறும் பிரிவுக்கு 4 வயதாவது ஆகட்டும். இங்கிலாந்தின் கண்காட்சிகளிலும் சவாரிப் பிரிவுகளில் இளங்குதிரை இறங்குவது பொதுவாக அந்த வயதில்தான். அங்கும் புதுக்குதிரைகளுக்கான பிரிவுகள் தனியே உண்டு. எளிய கடிவாளமே போதும். நாம் நடையும் மெல்லோட்டமும் மட்டும் கேட்கும் பிரிவையே தேட வேண்டும். பாய்ச்சலும் தாண்டலும் கேட்கும் பிரிவு அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். பத்துக் குதிரைகள் ஒன்றாகச் சுற்றும் வட்டத்தைவிட நாலைந்து குதிரைகள் சுற்றும் வட்டம் நல்லது. நாளுக்கு ஒரு பிரிவு போதும். நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டோம், வந்தது வந்தோம் என்று இரண்டாவதில் இறக்குவதுதான் பல குட்டிகளைக் கெடுக்கிறது. வீட்டில் தயக்கமின்றிச் செய்வதைவிட ஒரு படி குறைவாகக் கேட்கும் பிரிவில் இறக்குங்கள். புதிய இடத்தின் மிரட்சி அந்த ஒரு படியைத் தின்றுவிடும்.

இனத்தையும் பார்க்க வேண்டும். உள்வளைந்த காதும், ரேவால் என்னும் அலுங்காத நடையும் கொண்ட மார்வாரியை அயல்நாட்டு உயர்ரகக் குதிரைகளின் அளவுகோலில் நிறுத்தினால் அது தோற்கும். நாட்டினங்களுக்கான பிரிவில் அதே காதும் நடையும் அதன் பெருமை. கத்தியவாரிக்கும் அப்படித்தான். பிரிவு தவறினால் நல்ல குதிரையும் தோற்ற குதிரை என்று பெயர் வாங்கும். அந்தப் பெயரின் கோபம் அதன் வாயிலும் விலாவிலும்தான் இறங்கும்.

எடையும் ஒரு கணக்கு. சேணம் உட்பட சுமை, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு 70 கிலோ. வளரும் குதிரைக்கு அதற்கும் கீழே வர வேண்டும். மீசை முறுக்கிய பெரிய ஆள் ஏறினால் பார்க்க நன்றாக இருக்கும்; பாரம் சுமப்பதோ முதிராத முதுகு.

நம் ஊர் வெயில் இன்னொன்று. குதிரை வேர்த்துத்தான் உடம்பைக் குளிரவைக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் வேர்வை உலராது, சூடு உள்ளேயே தங்கும். சில குதிரைகளுக்கு வேர்ப்பதே நின்றுபோகும் கோளாறும் வருகிறது. ஆகவே காலை 9 மணிக்குள் முடியும் பிரிவு, நிழல், தண்ணீர், உப்பு ஆகிய நான்கும் இல்லாத களத்துக்குக் கோப்பை எவ்வளவு பெரிதானாலும் இளங்குதிரையைக் கொண்டுபோகாதீர்கள். போன பிறகும் அதன் காது பின்னால் ஒட்டி, வால் ஓயாமல் சுழன்று, மூச்சு தணியாமல் இருந்தால், பெயர் கூப்பிடும் முன்பே திரும்பிவிடுங்கள். கூட்டம் இரண்டு நாள் பேசும். குதிரையோ உங்களோடு இருபது ஆண்டு வாழப்போகிறது.

தவிர்க்க வேண்டிய களங்களையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். ஈரோடு மாவட்டத்து அந்தியூர்க் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாச் சந்தை தமிழ்நாட்டின் பெரிய குதிரைக் கூடல். மார்வாரியும் கத்தியவாரியும் அங்கே வரும். வாத்தியத்துக்கு ஆடும் நாட்டியக் குதிரைகளைப் பார்க்கவே கூட்டம் கூடும். வடமாவட்டங்களில் கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட் வண்டியும் அலங்காரக் குதிரையும் வருவது வழக்கமாகிவிட்டது. பழகித் தேறிய, வயது வந்த குதிரை, நல்ல கையில், அளவோடு இவற்றைச் செய்யலாம். ஆனால் பின்னங்கால்களில் எழுந்து நிற்பதும், ஒரே இடத்தில் குதிப்பதும் முழங்கால், கணுக்கால், இடுப்பு மூன்றின் மேலும் முழு எடையை ஏற்றுகின்றன. 3 வயதுக் குட்டியைத் தார்ச்சாலையில், செண்டை மேளத்துக்கும் வெடிக்கும் நடுவே, வாயைக் கிழிக்கும் இரும்பு போட்டு ஆடவைப்பது கலை ஆகாது. கைதட்டுகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

குதிரையை மதித்த மண் இது. காஞ்சி வரதராசர் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களில் கல்குதிரைகள் முன்னங்கால் தூக்கிப் பாய்கின்றன. ஊர் எல்லைகளில் ஐயனாருக்கு மண்குதிரைகள் நிற்கின்றன. ஆனால் உயிருள்ள குதிரையிடம் நாம் எப்படி நடந்துகொண்டோம்? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்வழியே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகளில் ஆண்டு முடிவில் மிகச் சிலவே மிஞ்சின என்று எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததும், சமைத்த சோறும் இறைச்சியும் தீனியாகப் போட்டதும் காரணம் என்பது அவர் கணிப்பு. எண்ணிக்கையில் பயணியின் மிகை கலந்திருக்கலாம். ஆயினும் பெரும் பணம் கொடுத்து வாங்கிய உயிரை அறியாமையால் இழப்பது இன்றைக்கும் நின்றுவிடவில்லை. செஞ்சி ராஜா தேசிங்கின் கதைப்பாடலில், யாருக்கும் அடங்காத குதிரையை இளைஞனான அவன் ஏறிய மாத்திரத்தில் அடக்குகிறான். 1714இல் ஆற்காட்டு நவாப் படையோடு போரிட்டு இளமையிலேயே மாண்ட அந்த வீரனை நாம் போற்றுவது நியாயம். ஆனால் ஒரே நாளில் அடக்குவதுதான் ஆண்மை என்று அதிலிருந்து கற்றுக்கொள்வது நியாயம் ஆகாது. நான்கு ஆண்டு பொறுத்துப் பழக்கியவரைப் பற்றி நம்மிடம் பாட்டு இல்லை. அவரும் பெருமைக்கு உரியவரே.

கடன் வாங்கிக் குதிரை வாங்கியவர் ஒரு கேள்வி கேட்பார்: தினம் கொள்ளும் புல்லும் போட வேண்டும், வருமானம் இல்லாமல் 5 வயது வரை எப்படிக் காப்பது? இது நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையான பதில், காக்க முடியாதவர் குட்டி வாங்கக் கூடாது என்பதே. உழைப்புக்குக் குதிரை வேண்டுமென்றால் வயது வந்து பழகிய குதிரையை வாங்கலாம். குட்டியை வாங்குகிறவர் அதன் வளரும் ஆண்டுகளையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறார். குதிரையின் ஆயுள் 25, 30 ஆண்டு. நன்றாக வளர்ந்தது 18, 20 வயது வரைகூட வேலை செய்யும். இரண்டு ஆண்டு பொறுக்காமல் 3 வயதில் முதுகை ஒடித்தால், மிச்சமுள்ள பதினைந்து ஆண்டும் போயிற்று. நொண்டிக் குதிரையை யாரும் வைத்துக்கொள்வதில்லை. அது சாலையோரத்தில் குப்பையைக் கிளறும். நாற்றங்காலில் நிற்க வேண்டிய நாள் முடியுமுன் நாற்றைப் பிடுங்கி நட்டுவிட்டு, பயிர் தலை சாய்ந்ததற்கு மண்ணைத் திட்டுகிறவர் இந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. அந்த அறிவு லாயத்துக்கும் வர வேண்டும்.

இது குதிரையோடு நிற்கும் செய்தி என்று நான் எண்ணவில்லை. பேச்சு திருந்தாத குழந்தையை மேடையேற்றிப் பாடவைத்து, நடுவர் மதிப்பெண் குறைத்ததும் அது அழுவதைப் படம்பிடித்துக் காட்டும் காலம் இது. 6 வயதுப் பிள்ளை எழுத வேண்டியதை 4 வயதில் எழுதவைத்துப் பெருமைப்படும் வீடுகள் இருக்கின்றன. பிள்ளைக்குத் திறமை இருக்கிறது என்பது பெற்றோர் சொல்லும் காரணம். திறமை இருப்பதால்தான் களத்தைப் பார்த்துத் தேர வேண்டும். திறமை குறைந்த குட்டியை யாரும் அவசரப்படுத்துவதில்லை. நல்ல குட்டிதான் சீக்கிரம் பாழாகிறது. அதன் நன்மையே அதற்குப் பகையாகாமல் காப்பது பெரியவர்கள் வேலை.

நல்வாழ்வு என்பது பெரும்பாலும் நம் கைக்குக் கீழே இருப்பவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் விதம்தான். மேலே உள்ளவரிடம் பணிவும், சமமானவரிடம் நியாயமும் காட்ட உலகம் நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. மறுத்துப் பேச முடியாத உயிரிடம் காட்டும் பொறுமைக்குச் சாட்சியும் இல்லை, கட்டாயமும் இல்லை. அங்கே நம்மை நாமே நிறுத்திக்கொண்டால்தான் உண்டு.

ஆனாலும் தனி மனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். திருவிழாக் குழுக்களும் கண்காட்சி நடத்துவோரும் மூன்று விதிகளை இந்த ஆண்டே கொண்டுவரலாம். பெயர் பதியும் இடத்திலேயே கால்நடை மருத்துவர் பல் பார்த்து வயதை எழுதட்டும். 4 வயது நிரம்பாத குதிரைக்கு ஆள் ஏறும் பிரிவிலும் ஆடும் பிரிவிலும் இடமில்லை, கையில் பிடித்து நடத்தும் பிரிவு மட்டுமே என்று அறிவிக்கட்டும். மூன்றாவது விதியே முக்கியமானது: அந்தப் பிரிவின் முதல் பரிசு, எழும்பிக் குதித்த குட்டிக்குப் போகாமல், மிரளாமல் நடந்து, சொன்ன இடத்தில் நின்று, வாயில் புண்ணில்லாமலும் மேனியில் சாட்டைத் தழும்பில்லாமலும் வந்த குட்டிக்குப் போகட்டும். முதல் ஆண்டு கூட்டம் முணுமுணுக்கும். இரண்டாம் ஆண்டு, அந்தப் பரிசை எப்படி வாங்குவது என்று வளர்ப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்குவார்கள். நாம் எதற்குப் பரிசு கொடுக்கிறோமோ, அதற்காகவே குட்டிகள் பழக்கப்படும்.